என் லாட்ஜ் வாடகையை யார் முடிவு செய்வது?

கேள்வி: ராமேசுவரம் அக்னி தீர்த்தம் அருகே 12 அறைகள் கொண்ட லாட்ஜ் நடத்துகிறேன். அறைகளை இணையத்தில் முன்பதிவு செய்து தரும் பெரிய நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் உண்டு. கமிஷன் குறைவாக வாங்கும் சிறிய தளம் ஒன்றில் அதே அறையை 300 ரூபாய் குறைத்துப் போட்டேன். ஒப்பந்தத்தை மீறிவிட்டேன் என்று, தை அமாவாசைக்கு நான்கு நாள் முன்பு என் லாட்ஜைத் தளத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. அமாவாசைக் கூட்டத்தை நம்பி வட்டி கட்டுபவரை அந்த வாரத்தில் பார்த்து நீக்கியது எனக்குக் கோபமூட்டுகிறது. ஆனால் வழக்குக்குக் கோபத்தைவிட ஆவணம்தான் தேவை.

தொழில் போட்டிச் சட்டம், 2002-இன்படி ஒரு நிறுவனம் பெரிதாக இருப்பது குற்றமல்ல. அந்த ஆதிக்கத்தை வைத்து நியாயமற்ற நிபந்தனை விதிப்பதையும் மற்றவர் சந்தைக்குள் நுழைவதைத் தடுப்பதையும் 4-ஆவது பிரிவு தடை செய்கிறது. உங்கள் பிரச்சினைக்கு மிக நெருக்கமானது, 2022 அக்டோபர் 19 அன்று இந்தியத் தொழில் போட்டி ஆணையம் பிறப்பித்த உத்தரவு. இணைய முன்பதிவு நிறுவனமான மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாயும், விடுதி நிறுவனமான ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. மற்ற முன்பதிவுத் தளங்களில் வாடகையைக் குறைக்கக் கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தங்களிலிருந்து நீக்கவும் மேக்மைட்ரிப்புக்கு உத்தரவிட்டது. ஓயோவுக்காக அதன் போட்டி விடுதி நிறுவனங்களை மேக்மைட்ரிப் தன் தளத்திலிருந்து நீக்கியதும் அந்த வழக்கில் தவறாகவே பார்க்கப்பட்டது. இரு நிறுவனங்களும் மேல்முறையீடு செய்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து வைக்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்த உத்தரவு பிற தளங்களைப் பற்றியது. கவுன்டருக்கு நேரில் வரும் யாத்ரீகருக்குக் குறைத்துக் கொடுப்பது தனி வாதம். இரண்டையும் புகாரில் குழப்பாதீர்கள்.

இன்றே ஒப்பந்தத்தின் முழுப் பிரதியையும் நீக்கியதற்கான மின்னஞ்சலையும் தனியே சேமியுங்கள். கணக்கு முடக்கப்பட்டால் பிறகு கிடைக்காது. போனில் வாதாட வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சென்ற ஆண்டுத் தை அமாவாசையில் அந்தத் தளம் வழியாக வந்த முன்பதிவுகளையும் இந்த ஆண்டு வந்தவற்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் இழப்பு தெரியும்.

பிறகு ஆணையத்தில் 19-ஆவது பிரிவின்கீழ் தகவல் மனு அளிக்கலாம். மனுதாரர் நேரடியாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். பழிவாங்குவார்களோ என்ற அச்சம் இருந்தால், பெயரை ரகசியமாக வைக்கக் கோரலாம். விசாரணை தொடங்கியபின் 33-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

ஆணையம் விதிக்கும் அபராதம் அரசுக்குப் போகும், உங்களுக்கு வராது. உங்கள் இழப்பீட்டைத் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாகக் கேட்க வேண்டும். நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய பழைய பாக்கி இருந்தால், இதற்காகக் காத்திருக்காமல் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.

இதே நிபந்தனையில் கையெழுத்திட்ட மற்ற லாட்ஜ்காரர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களுடைய ஒப்பந்தங்களையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள், மனுவை ஒன்றாக எழுதலாம்.