அறுகம்பே மெயின் பாயின்ட்டில் அடுத்த வாரம் அலை எப்படி இருக்கும்? எந்த நாளில் இறங்கலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். சென்னைக் கோவளத்தில் இரண்டு வருடம் அலைச்சறுக்கு பழகியிருக்கிறீர்கள். பாறை அடித்தளத்தில் இதுவரை இறங்கியதில்லை. ஆகஸ்ட் முதல் வாரம் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம்பே வருகிறீர்கள். அங்கே எல்லோரும் தேடி வரும் சறுக்கு முனைதான் மெயின் பாயின்ட். நீங்கள் பார்த்த அலைக் கணிப்பு அட்டவணையில் செவ்வாய் 0.9 மீட்டர், 18 வினாடி, புதன் 1.5 மீட்டர், 16 வினாடி, வியாழன் 1.4 மீட்டர், 14 வினாடி, வெள்ளி 1.1 மீட்டர், 12 வினாடி, சனி 1.8 மீட்டர், 7 வினாடி. சனிக்கிழமைதான் அலை மிக உயரம், அதனால் அன்றைக்கு மெயின் பாயின்ட்டில் இறங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

சனிக்கிழமை வேண்டாம். அந்த ஐந்து நாளில் மிகவும் மோசமான நாள் அதுதான். உங்களுக்கு ஏற்ற நாள் வியாழன், அதுவும் விடியற்காலை. ஏன் என்று சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் அடுத்த முறை யாரையும் கேட்காமல் நீங்களே அட்டவணையைப் பார்த்து முடிவெடுத்துவிடுவீர்கள்.

நான் மட்டக்களப்புக்காரன். வேலை கொழும்பில். பதினொரு வருடமாக மே மாதம் தொடங்கினால் ஒக்டோபர் வரை, லீவு கிடைக்கும் வார இறுதி எல்லாம் உல்லையில்தான். (அறுகம்பேயை ஊர்க்காரர் உல்லை என்பார்கள்.) நானும் ஆரம்பத்தில் உங்களைப் போல மீட்டர் கணக்கை மட்டும் பார்த்து வந்து ஏமாந்தவன்தான்.

அட்டவணையில் மீட்டர் என்று இருப்பது அலையின் உயரம்தான். ஆனால் அது நீங்கள் ஏறப்போகும் அலையின் உயரம் அல்ல. ஆழ்கடலில் வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை எடுத்து அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். அதனால் 1.5 என்று போட்டிருந்தால் இடையிடையே இரண்டு, இரண்டரை மீட்டர் அலையும் வரும். அடுத்தது, அந்தக் கணிப்பைச் செய்யும் கணினி நிரல் கடலைப் பல கிலோமீட்டர் அகலமான கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. அறுகம்பே முனையின் வளைவும் அதன் கீழே கிடக்கும் முருகைக்கல்லும் (பவளப்பாறை) அதற்குத் தெரியாது. அந்த இடைவெளியை நாம்தான் நிரப்பவேண்டும்.

அதற்கு உதவுவது இரண்டாவது எண், அந்த வினாடிக் கணக்கு. ஓர் அலை போய் அடுத்த அலை வர எவ்வளவு நேரம் என்பதுதான் அது. பதினெட்டு, பதினாறு என்று வருகிற அலைகள் நம் பக்கத்தில் பிறந்தவை அல்ல. ஆபிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே, தென்துருவத்துக்கு மேலே கிடக்கும் அந்தக் கடலில் பெரிய புயல்கள் நாள்கணக்கில் காற்றை ஓட்டும். அங்கே எழும் அலை ஐயாயிரம், ஆறாயிரம் கிலோமீட்டர் கடந்து நம்மிடம் வருகிறது. 16 வினாடி அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் ஓடும், அதாவது ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஐந்து, ஆறு நாள் பயணம். 18 வினாடி அலை இன்னும் வேகம், 14 வினாடி அலை மெதுவு. அதனால்தான் ஒரே புயலில் புறப்பட்டவை வழியிலேயே பிரிந்து, நீண்ட இடைவெளி உள்ளவை முதலிலும் குறுகியவை பின்னாலும் வந்துசேர்கின்றன. உங்கள் அட்டவணையை மறுபடி பாருங்கள்: 18, 16, 14, 12. ஒரே ஸ்வெல் (தூரத்துப் புயலிலிருந்து வரும் அலைக்கூட்டம்), தலையிலிருந்து வால் வரை அப்படியே தெரிகிறது.

கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் காற்றே இல்லாத நாளில் கடல் திடீரென்று ஊருக்குள் ஏறுவதைக் கள்ளக்கடல் என்கிறார்களே, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் எச்சரிக்கை விடுகிறதே, அதுவும் இதே தெற்குக் கடலில் பிறப்பதுதான். சென்னைப் பக்கம் அவ்வளவாகத் தெரியாததற்குக் காரணம், நடுவில் இலங்கை மறைத்துக்கொண்டு நிற்கிறது. கோவளத்தில் பெரும்பாலும் நீங்கள் ஏறியது ஏழு, எட்டு வினாடி அலைகளாக இருக்கும். பதினாறு வினாடி அலை வேறு சாதி.

சனிக்கிழமைக்கு வருகிறேன். 1.8 மீட்டர், 7 வினாடி. அது தெற்குக் கரையில் அம்பாந்தோட்டைக்கு வெளியே பருவக்காற்று பலமாக வீசும்போது அங்கேயே எழும் காற்றலை. அலையின் வலு உயரத்தின் வர்க்கத்தையும் வினாடியையும் பெருக்கினால் தெரியும். புதனுக்கு 36 வரும், சனிக்கு 23கூட வராது. உயரம் குறைந்த புதன் ஒன்றரை மடங்கு வலுவானது. அதைவிட முக்கியமான விஷயம் வளைவு. மெயின் பாயின்ட் தெற்கே ஒரு முனையின் மறைவில் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் அலை அந்த முனையைச் சுற்றி வளைந்து உள்ளே வந்தால்தான் நமக்கு அலை. அலை எப்போது வளையும்? கடலின் அடி அதற்குத் தட்டுப்படும்போது. 16 வினாடி அலைக்கு 200 மீட்டர் ஆழத்திலேயே அடி தட்டுப்படத் தொடங்கிவிடும். 7 வினாடி அலைக்கு 40 மீட்டர் ஆழத்துக்குள் வந்தால்தான் தட்டுப்படும். அதற்குள் அது முனையைத் தாண்டி நேரே போய்விடுகிறது. மிச்சம் நமக்கு வருவது ஒழுங்கில்லாத நொருங்கல் தண்ணீர். இருபது பேர் பலகையில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

சரி, அப்படியானால் வலு கூடிய புதன் ஏன் வேண்டாம் என்கிறேன்? நல்ல சறுக்காளருக்கு அன்றைக்குத் திருவிழா. முனையில் எழும் அலை வலப்பக்கமாக உடைந்துகொண்டே குடாவுக்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடும், கால் கடுக்கக் கடுக்க நிற்கலாம். ஆனால் உங்களுக்குப் பாறைக்கு மேலே இது முதல் முறை. தலைக்கு மேல் அலை வரும், ஆகஸ்ட் என்பதால் கூட்டமும் மிக அதிகம். புதன் காலை முனையில் நின்று பாருங்கள், அப்புறம் பேபி பாயின்ட்டில் இறங்குங்கள். அது குடாவின் உட்பக்கம், அலை மெலிந்து வரும். வடக்கே விஸ்கி பாயின்ட்டும் நல்லது.

செவ்வாய்க்கிழமை பற்றித்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். 0.9 மீட்டர் என்று பார்த்தவுடன் "சின்னதுதானே" என்று தோன்றும். நான் அப்படி நினைத்துத்தான் என் மூன்றாவது வருடம் அடிபட்டேன். அன்றைக்கும் இப்படித்தான், ஒரு மீட்டருக்குக் குறைவு, 17 வினாடி. கடல் குளம் மாதிரிக் கிடந்தது. இருபது நிமிடம் ஒன்றும் வரவில்லை. நீண்ட இடைவெளி ஸ்வெல்லின் தலை வரும்போது இதுதான் வழக்கம்: செட்டுக்கும் செட்டுக்கும் (அடுத்தடுத்து வரும் பெரிய அலைகளின் தொகுதி) நடுவே நெடுநேரம் அமைதி. நான் அலுத்துப்போய்க் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே, ஆழம் குறைந்த பக்கம் நகர்ந்துவிட்டேன். அப்போது அடிவானத்தில் ஒரு கறுப்புக் கோடு. பிறகு அதன் பின்னால் இன்னொன்று. முதல் அலை எனக்கு முன்னே எழும்பியபோது அதன் அடியில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு முருகைக்கல் மஞ்சளாகத் தெரிந்தது. முழங்கால் ஆழம்கூட இருந்திருக்காது. தலையைக் கைகளால் மூடிக்கொண்டு தட்டையாக விழுந்தேன். முதுகில் ஒரு சாண் அகலத்துக்குத் தோல் போயிற்று. எழும்பி நிற்கலாம் என்று காலை ஊன்றியதில் கடல் முள்ளெலி. இடது குதிகாலில் பதினாலு முள், ஒவ்வொன்றும் பென்சில் கூர் மாதிரிக் கறுப்பாக உள்ளே முறிந்திருந்தது.

கரையில் தோணிகள் ஏற்றி வைத்திருக்கும் இடத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு வயதான காக்கா (முஸ்லிம் பெரியவர்களை இங்கே அப்படித்தான் அழைப்போம்) என்னைப் பிடித்து உட்கார வைத்தார். சுடுதண்ணீர் கொண்டுவரச் சொல்லி, பொறுக்கக்கூடிய சூட்டில் காலை வைக்கச் சொன்னார். வைத்துக்கொண்டிருக்கும்போதே கடலைப் பார்த்துச் சொன்னார்: "கச்சான் ஓஞ்சிட்டு மகன். இனிக் கொண்டல் எழும்பும். இண்டைக்கு உள்ளுக்கு இறங்கினது போதும்." மணி பத்தே கால் இருக்கும். பத்து நிமிடத்தில் கடலின் முகம் மாறிவிட்டது, கிழக்கிலிருந்து காற்று ஏறி எல்லாம் கலைந்துபோனது.

அன்றிலிருந்து நான் காற்றை அவருடைய வார்த்தைகளில்தான் பார்க்கிறேன். கச்சான் என்றால் இங்கே நிலக்கடலையும்தான், ஆனால் கடற்கரையில் அது மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி நம் பக்கம் இறங்குகிறது. அதனால்தான் கொழும்பு நனையும் மாதங்களில் உல்லைக்குப் பக்கத்து ஊரான பொத்துவில் வெயிலில் வறுபடுகிறது. விடியற்காலையில் அது தரையிலிருந்து கடலுக்கு வீசும். வரும் அலையின் முகத்தில் எதிராகப் பட்டு அதை நிமிர்த்திப் பிடிக்கும், முகம் கண்ணாடிபோல வழுவழுப்பாகும். பத்து, பதினொரு மணிக்குத் தரை சூடேறியதும் கடற்காற்று எழும்பி அதை வென்றுவிடும். அதுதான் அவர் சொன்ன கொண்டல். ஆகவே அட்டவணையில் "வியாழன், காற்று 15 கிலோமீட்டர்" என்று ஒரே எண்ணைப் பார்த்து நிற்காதீர்கள். மணிக்கு மணி திறந்து பாருங்கள். சில தளங்கள் உலகப் பொது நேரத்தில் காட்டும். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் நல்ல காற்றை நித்திரையில் விட்டுவிடுவீர்கள். ஆகஸ்டில் ஆறு மணிக்குச் சற்று முன்னால் சூரியன் வந்துவிடும். நீங்கள் அதற்கு முன்பே முனையில் நிற்கவேண்டும்.

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையும் பாருங்கள், தமிழிலேயே வருகிறது. "காலியிலிருந்து அம்பாந்தோட்டை ஊடாகப் பொத்துவில் வரை" என்ற வரி உங்களுக்குரியது. அதில் காற்று மணித்தியாலத்துக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் என்று போட்டு மீனவர்களை இறங்கவேண்டாம் என்று சொல்லியிருந்தால் நீங்களும் இறங்கவேண்டாம். மழை பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எப்போதாவது மாலையில் உட்புறக் காட்டிலிருந்து ஒரு இடிமழை வரும், மின்னல் கண்டால் உடனே கரையேறுங்கள்.

வற்றுப்பெருக்கு (கடல்மட்டம் ஏறி இறங்குவது) இங்கே சிறியது, அரை மீட்டர் அளவுதான். மணல் கடற்கரையில் அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் கல்லுக்கு மேலே இருக்கும் தண்ணீரே இடுப்பளவுதான் என்றால் அரை மீட்டர் குறைவது உங்கள் முதுகுக்குத் தெரியும். வற்று உச்சத்தில் முனையின் உட்பக்கத்தைத் தவிருங்கள்.

வியாழனுக்குள் அதே ஸ்வெல்லின் வலு 36இலிருந்து 27ஆக இறங்கியிருக்கும், அதனால்தான் அந்த நாளைச் சொன்னேன். அன்றைக்கு இப்படிச் செய்யுங்கள். ஐந்தே முக்காலுக்கு முனைக்கு வந்து இருபது நிமிடம் சும்மா நில்லுங்கள். இரண்டு செட்டாவது கண்ணால் பார்க்காமல் இறங்காதீர்கள். எத்தனை அலை வருகிறது, எங்கே முதலில் உடைகிறது, ஊர்ப் பொடியன்கள் எந்த இடத்தில் கல்லிலிருந்து இறங்குகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் இறங்கும் இடத்திலேயே இறங்குங்கள். ரப்பர் அடியுள்ள பூட்ஸ் கட்டாயம். விழுந்தால் எப்போதும் தட்டையாக, காலை ஊன்றவே கூடாது. உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்குத்தான் அலை, அதில் குறுக்கே போகவேண்டாம். உள்ளே அலை தள்ளிக்கொண்டு போனால் நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டுக் களைக்காமல், குடாவுக்குள் மணலில் ஏறி நடந்து திரும்பி வாருங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். கல்லில் சிராய்ப்பு வந்தால் சின்னது என்று விடாதீர்கள். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துகள் எல்லாம் எடுத்து மருந்து போடுங்கள். இந்தச் சூட்டில் இரண்டே நாளில் சீழ் வைத்துவிடும்.

வெள்ளி காலையும் வியாழனைப் போலத்தான், அலை இன்னும் மெலிந்திருக்கும், வியாழன் தவறினால் அன்றைக்கு இறங்கலாம். சனிக்கிழமை பலகையை அறையில் வைத்துவிட்டு, பாணமை வழியாக உகந்தை முருகன் கோயிலுக்குப் போய் வாருங்கள். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் காட்டுக்குள் இறங்குவதற்கு முன் தங்கும் இடம் அது, கடலை ஒட்டிய மலை. பொழுது சாய்வதற்கு முன் திரும்பிவிடுங்கள், அந்த ரோட்டில் இருட்டில் யானை நிற்கும். உங்கள் அட்டவணை இன்னும் நான்கைந்து நாளில் கொஞ்சம் மாறும். திங்கள் இரவு புதிய எண்களை இங்கே கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.