நீர்க்கடுப்பா, தசை இறுக்கமா? கேளுங்கள், சொல்கிறேன்

காரைக்குடியில் மகளிர் மருத்துவம் பார்க்கிறேன். சிறுநீர் எரிச்சல், அந்தரங்க வலி பற்றி இளம்பெண்கள் கேட்கலாம். பெயர் வேண்டாம், ஊரும் வயதும் போதும்.

தேவகோட்டை, 23: ஆறு மாசமா நீர்க்கடுப்பு டாக்டர். நாலு தடவை ஆன்டிபயாடிக் போட்டாச்சு. சிறுநீர்ல கிருமி வளருதான்னு பார்க்கிற கல்ச்சர் டெஸ்ட்ல கிருமி இல்லைன்னே வருது. போயிட்டு வந்தாலும் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கு. ஜீன்ஸ் போட்டா உயிர் போகுது.

கிருமியே இல்லாதபோது ஐந்தாவது கோர்ஸ் எதற்கும்மா? பெண்ணின் சிறுநீர்க்குழாய் சுமார் 4 செ.மீ.தான். அதையும் பிறப்புறுப்பையும் மலவாயையும் சேர்த்துத் தாங்குவது இடுப்புத்தளத் தசை. சிறுநீர்ப்பை சுருங்கும்போது இந்தத் தசை தளர்ந்தால்தான் நீர் தடையில்லாமல் வரும். ஆண்டுக்கணக்காக அடக்கி வைத்தவர்களுக்கும், வலிக்குப் பயந்து இறுக்கிக்கொள்பவர்களுக்கும் அது தளராமலே நின்றுவிடலாம். அப்போது நீர் விட்டு விட்டு வரும், போன பிறகு எரியும். பார்த்தால் அச்சு அசல் நீர்க்கடுப்பு.

பரிசோதனையில் காது குடையும் பஞ்சுக் குச்சியை ஈரப்படுத்தி, பிறப்புறுப்பு வாயிலைச் சுற்றி மெதுவாகத் தொட்டுப் பார்ப்போம். கடிகாரத்தில் ஐந்து, ஏழு இருக்கும் இடங்களில் தொட்டதும் துள்ளினால், வலி எங்கே என்று தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு மேல் வேறு காரணமில்லாமல் நீடிக்கும் இந்த வலிக்கு வல்வோடினியா என்று பெயர். இடுப்புத்தளப் பிசியோதெரபி தெரிந்தவரிடம் தளர்த்தும் பயிற்சி எடுங்கள். யூடியூப் பார்த்து இறுக்கும் பயிற்சி செய்தால் வலி கூடும். உடலுறவு இருந்தால், அதில் தொற்றும் கிளமிடியா என்ற கிருமிக்குத் தனிப் பரிசோதனை வேண்டும். சாதாரணக் கல்ச்சரில் அது தெரியாது.

புதுவயல், 19: எரியுது, மருந்துக்கடையில நீர்க்கடுப்பு சிரப் குடுத்தாங்க. போதுமா?

அந்த சிரப் எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. முதலில் கல்ச்சர் கொடுங்கள், ஆன்டிபயாடிக் அதன் பிறகு. குளிர்க்காய்ச்சலும் விலாவலியும் வந்தால் அன்றே மருத்துவமனை.

கோட்டையூர், 21: வெஜைனல் வாஷ் எது நல்லது?

எதுவும் வேண்டாம். வெளியே தண்ணீர் போதும்.

கானாடுகாத்தான், 64: இதெல்லாம் சூட்டு உடம்பு டாக்டரம்மா. வெந்தயத்தை மோர்ல ஊறவச்சுக் குடிச்சா அடங்கிடும். வயசுப் பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா நாலு பேர் என்ன பேசுவாக?

மோரைக் குடிக்கட்டும் ஆச்சி, தடையில்லை. தண்ணீர் குறைவாகக் குடிக்கிற, அடிக்கடி தொற்று வருகிற பெண்கள் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது தொற்று ஏறக்குறையப் பாதியானதாக 2018-இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்தளவுக்கு உங்கள் பக்கம்தான் நான். ஆனால் நம் வீட்டுக் கல்யாணத்தில் என்ன நடக்கிறது? பட்டுச்சேலை கசங்கிவிடும் என்று காலையிலிருந்து பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. முட்டிக்கொண்டு வந்தாலும் பந்தி முடியட்டும் என்று உட்கார வைக்கிறோம். அதற்கும் 'சூடு' என்றுதான் பெயர்.

கானாடுகாத்தான், 64: நாங்க பழனிக்கு நடந்தே போயிருக்கோம், எங்களுக்கு என்ன வந்துச்சு?

வந்தது ஆச்சி. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பள்ளத்தூர், 26: ஆச்சி சொல்றது சரிதான். எங்க அம்மா 'கல்யாணம் ஆனா சரியாயிடும்'னாக. ஆகி ரெண்டு வருஷம், இன்னும் வலி.

ஆச்சி சொன்னது மோர், அம்மா சொன்னது கல்யாணம், இரண்டும் ஒன்றில்லை. வலியோடு உறவு கொண்டால் தசை இன்னும் இறுகும். வலி தீரும்வரை நிறுத்துங்கள், நேரில் வாருங்கள்.

சாக்கோட்டை, 20: டாக்டர், நீர் போனா எரியுது, என்ன மாத்திரை?

புதுவயல் பிள்ளைக்குச் சொன்னதைப் படியுங்கள். கல்ச்சர், கல்ச்சர், கல்ச்சர்.

தேவகோட்டை, 23: வலிக்கு அமிட்ரிப்டிலின் எழுதியிருக்காக. அது மனநோய் மாத்திரையாமே?

குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் கொடுப்பது வழக்கம். தூக்கம் வரும், வாய் உலரும். எழுதியவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

காரைக்குடி, ஆண், 30: எனக்கும் எரியுது மேடம்.

யூராலஜிஸ்டிடம் போங்கள் தம்பி.