பாடத்திட்டம் எழுத உட்காரும்போது: சேலத்து ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

சேலத்தில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில், அதாவது தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் கல்லூரியில், பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் துறையின் பாடத்திட்டக் குழுவிலும், வெளி வல்லுநராக வேறு சில கல்லூரிக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். கல்லூரிப் பாடத்திட்டம் தயாரிப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். கேள்விகள் நிறையவே வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆத்தூர், வணிகவியல், கௌரவ விரிவுரையாளர்: சார், எங்கள் கல்லூரி பெரியார் பல்கலைக்கழகத்தில் இணைவு பெற்றது. பாடத்திட்டம் அங்கிருந்தே வந்துவிடுகிறது. இதில் நான் தயாரிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது தம்பி. பல்கலைக்கழகம் ஒரு பேப்பருக்குத் தருவது ஒன்றிரண்டு பக்கம். ஐந்து யூனிட், ஒவ்வொன்றிலும் சில தலைப்புகள், கடைசியில் நூல் பட்டியல். எந்தத் தலைப்புக்கு எத்தனை மணி, எந்தக் கணக்கை வகுப்பில் போடுவது, எதை வீட்டுக்குக் கொடுப்பது என்பதெல்லாம் அதில் இருக்காது. அதை எழுதுவது உங்கள் வேலை. கோர்ஸ் பிளான் என்கிறோமே, அதுதான்.

நிதிக் கணக்கியலில் 'தேய்மானம்' என்று ஒரே சொல்லோடு விட்டிருப்பார்கள். நேர்கோட்டு முறைக்கு ஒரு மணி போதும். குறைந்து செல் மதிப்பு முறையில் நடு ஆண்டில் இயந்திரத்தை விற்ற கணக்கு வந்தால் மூன்று மணியும் போதாது. பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படிக்காமல் வந்தவர்கள் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்பது பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது. முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். பாதிப் பேர் அப்படி என்றால், முதல் யூனிட்டுக்கு இரண்டு மணி கூடுதலாக ஒதுக்கி, அதை எங்கிருந்து எடுப்பது என்றும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்டர்னல் 25 மதிப்பெண். டெஸ்ட், வருகைப்பதிவு போக மீதியில் என்ன கேட்பது என்பது பெரும்பாலும் ஆசிரியர் கையில்தான். அதை வெறும் 'ரெக்கார்டு எழுதி வா' என்று வீணாக்க வேண்டாம்.

சேலம், பொருளியல், உதவிப் பேராசிரியை: எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி. 'சிறுதொழில் பொருளியல்' என்று புதிதாக ஒரு விருப்பப்பாடம் கொண்டுவரச் சொல்லி என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். நான்கு பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களைத் தரவிறக்கி வைத்திருக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது சார்?

அந்த நான்கையும் இப்போதைக்கு மூடி வைத்துவிடுங்கள் மேடம். அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால், ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லையே என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து ஐந்து யூனிட்டும் ஊதிப்போகும். பாடத்திட்டங்கள் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். விட்டுப்போனது என்று யாராவது குறை சொல்வார்களோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் போட்டு வைக்கிறோம்.

முதலில் மணிக்கணக்கு. வாரம் 4 மணி, 15 வாரம் என்றால் தாளில் 60 மணி. அதில் இன்டர்னல் டெஸ்ட்டுகள், மாதிரித் தேர்வு, விளையாட்டு விழா, துறைக் கருத்தரங்கம் எல்லாம் கழியும். ஒற்றைப்படை செமஸ்டர் என்றால் ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை இருக்கிறது. அந்த வாரம் வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையில் 45 மணி நின்றால் நல்லது. யூனிட்டுக்கு 9 மணி. அதில் ஒன்றைத் திருப்புதலுக்கு வைத்தால் எட்டு. இந்த எட்டை ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். இனி எந்தத் தலைப்பைச் சேர்த்தாலும் அது இந்த எட்டிலிருந்து சாப்பிடும்.

அடுத்து, செமஸ்டர் கடைசித் தேர்வின் வினாத்தாளை எழுதுங்கள். ஆமாம், பாடத்திட்டத்துக்கு முன்பே. பாடம் முடிந்தபின் மாணவரிடம் நீங்கள் நேர்மையாக எதிர்பார்க்கும் ஐந்தாறு வேலைகள் அதில் வரட்டும். நம் ஊர் பாடம் என்றால் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலையை எடுத்துக்கொள்ளலாம். மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்துப் பாயிண்ட், அதாவது அதில் மாவுச்சத்து எவ்வளவு என்ற அளவு, பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். 'இத்தனை டன் கிழங்கு, இந்தப் பாயிண்ட், இந்த விலை, கூலி இவ்வளவு, மின்சாரம் இவ்வளவு. 90 கிலோ ஜவ்வரிசி மூட்டை ஒன்றின் அடக்க விலை என்ன? சந்தை விலை பத்து சதவீதம் விழுந்தால் ஆலை ஓட்டலாமா, நிறுத்தலாமா?' என்று ஒரு கேள்வி. 'இந்த ஆலைக்காரர் நேராக வியாபாரியிடம் விற்பதா, 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வழியாக விற்பதா? இரண்டிலும் அவருக்கு வரும் சாதக பாதகம் என்ன?' என்று இன்னொன்று.

இப்போது பின்னோக்கி வாருங்கள். முதல் கேள்விக்கு நிலைச் செலவு, மாறும் செலவு, லாபமும் நட்டமும் இல்லாத சமநிலைப் புள்ளி தெரிய வேண்டும். இரண்டாவதுக்குக் கூட்டுறவு விற்பனை, கடன் காலம், இடைத்தரகு தெரிய வேண்டும். இப்படி வந்து சேர்பவைதான் உங்கள் தலைப்புகள். எந்தக் கேள்விக்கும் தேவைப்படாத தலைப்பு இருந்தால் அதற்கு இங்கே இடமில்லை. 'தொழில்முனைவோரின் பண்புகள்' என்று ஒரு யூனிட்டின் பாதியை விழுங்கும் தலைப்பு எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கும். அதற்கு ஒரு மணி நேரம்கூட அதிகம் என்பது என் கட்சி.

அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949-லேயே இந்த வரிசையைச் சொல்லிவிட்டார்: என்ன நோக்கம், அதற்கு என்ன அனுபவம் தருவது, எப்படி அடுக்குவது, நிறைவேறியதா என்று எப்படிப் பார்ப்பது. நாம் தலைப்புகளை எழுதிவிட்டு நோக்கத்தைக் கடைசியில் ஒட்டவைக்கிறோம்.

இவ்வளவும் முடிந்தபின் அந்த நான்கு பாடத்திட்டங்களைத் திறங்கள். ஏதாவது முக்கியமானது விட்டுப்போயிருந்தால் இப்போது தெரியும்.

நாமக்கல், வணிகவியல்: பாட விளைவுகளை (பாடம் முடிந்தபின் மாணவர் என்ன செய்வார் என்பதை) எழுதும்போது எங்கள் துறையில் எல்லாருமே 'அறிவார்', 'புரிந்துகொள்வார்' என்றே முடிக்கிறோம். இதில் என்ன தவறு?

அறிந்தாரா என்று நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? பார்க்க முடியாத ஒன்றை விளைவு என்று எழுதுவதில்தான் சிக்கல். 'பொருள் சேவை வரி பற்றி அறிவார்' என்பதற்குப் பதிலாக, 'ஒரு ஜவுளிக் கடையின் ஒரு மாதக் கொள்முதல், விற்பனைப் பில்களிலிருந்து உள்ளீட்டு வரி வரவைக் கழித்து, கட்ட வேண்டிய வரியைக் கணக்கிடுவார்' என்று எழுதிப் பாருங்கள். பாடம் நடத்தும் விதமே மாறிவிடும். பில் இல்லாமல் அந்த வகுப்பை எடுக்க முடியாது.

நாம் கே1 முதல் கே6 வரை போடும் படிநிலை, பெஞ்சமின் புளூம் குழு 1956-ல் வெளியிட்டு, 2001-ல் திருத்தப்பட்டது: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்கல். முதலாமாண்டு பேப்பருக்குக் கே6 போட்டால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் வினாத்தாளில் 'வரையறு', 'குறிப்பு வரைக' மட்டுமே இருந்தால் அந்தக் கே6 எங்கே போனது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி, இயற்பியல்: பாட விளைவு (சிஓ) ஒவ்வொன்றும் பட்டப்படிப்பின் விளைவுக்கு (பிஓ) எவ்வளவு உதவுகிறது என்று 3 வரை எண் போடும் சிஓ-பிஓ அட்டவணையில் எல்லாக் கட்டத்திலும் 3 போட்டால் என்ன ஆகும் சார்? கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் (NAAC) குழுவுக்கு அதுதானே பிடிக்கும்?

எல்லாக் கட்டத்திலும் 3 இருந்தால் நீங்கள் யோசிக்கவே இல்லை என்று அர்த்தம். வருகிற குழுவில் இருப்பவர்களும் ஆசிரியர்கள்தான், அவர்களும் இந்தக் கட்டங்களை நிரப்பியவர்கள்தான். வெற்றுக் கட்டம் இருப்பது குற்றமில்லை. ஒளியியல் ஆய்வகப் பேப்பர் சமூகப் பொறுப்பை வளர்க்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

ஏற்காடு, தாவரவியல் ஆசிரியை (தினமும் கீழே இறங்கி வந்து சேலத்தில் பணி): மலையை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு அமேசான் காட்டைப் பாடம் நடத்துகிறோம். பாடத்திட்டத்துக்குள் சேர்வராயன் மலையைக் கொண்டுவர முடியுமா ஐயா?

முடியும். எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். பல்கலைக்கழகப் பேப்பரில் 'சேர்வராயன் மலையின் தாவரங்கள்' என்று யூனிட் வைத்தால், கிருஷ்ணகிரியில் படிக்கும் பிள்ளைக்கு அது மனப்பாடப் பகுதியாகிவிடும். பொதுவான கருத்து யூனிட்டில் இருக்கட்டும், மலை பயிற்சியில் இருக்கட்டும். கிருஷ்ணகிரிக்காரர்கள் அவர்கள் பக்கத்து மலையை எடுத்துக்கொள்வார்கள்.

நீங்கள் தினமும் கடக்கிற 20 கொண்டை ஊசி வளைவுகளே ஒரு ஆய்வகம் அம்மா. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்கிற பொது விதிப்படி எட்டு டிகிரி வித்தியாசம் வர வேண்டும். பிள்ளைகளிடம் ஒரு வெப்பமானியைக் கொடுத்து, வளைவு எண் பலகை இருக்கும் சில இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். கணக்குப்படி வராது. நிழல், நேரம், மேகம் என்று காரணம் தேடி எழுதுவதுதான் பாடம். கூடவே எந்த வளைவில் முள் புதர் முடிந்து உயர்ந்த மரங்கள் தொடங்குகின்றன என்று குறித்தால் உயரவாரித் தாவரப் பரவல் முடிந்தது.

மேலே காபித் தோட்டம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் இது. சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகு, கீழே காபி. அடுக்கு அடுக்கான சாகுபடியை விளக்கப் படம் வரைய வேண்டியதில்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டமும் அங்கேயே இருக்கிறது. முறைப்படி கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள்.

எல்லாப் பட்டப்படிப்புக்கும் கட்டாயமான சுற்றுச்சூழல் பேப்பரிலும் இதைச் செய்யலாம். மலை உச்சிப் பகுதியில் பாக்சைட், அடிவாரப் பக்கம் மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல், நடுவில் மலையின் உடம்பு முழுக்கச் சார்னோக்கைட் பாறை. சுரங்கத்தால் வேலையும் வந்தது, வெட்டிய பள்ளமும் நின்றது. இரண்டு பக்கமும் பேசவைத்து மதிப்பெண் போடுங்கள். ஆனால் பயணத்துக்கான மணிகளைக் கோர்ஸ் பிளானில் எழுதிவையுங்கள். எழுதாமல் போனால் அது சுற்றுலா என்று பெயர் வாங்கும்.

ஓமலூர், கணினி அறிவியல்: ஆய்வகத்தில் 30 கணினி, வகுப்பில் 60 பேர். பாடத்திட்டத்தில் 15 பயிற்சி போட்டிருக்கிறோம்.

பத்தாகக் குறையுங்கள். ஆய்வகத்துக்கு இரண்டு மணி ஒரு கிரெடிட் என்பது ஒரு மாணவர் உட்காரும் நேரத்துக்கான கணக்கு. இரண்டு அணியாகப் பிரித்தால் ஆசிரியருக்கு அது நான்கு மணி. பணிச்சுமைப் பட்டியலில் அதைக் காட்டாமல் பயிற்சிகளை மட்டும் கூட்டினால், பார்த்து எழுதிய ரெக்கார்டுதான் மிஞ்சும்.

சேலம், வேதியியல் துறைத்தலைவர்: பாடத்திட்டக் குழுக் கூட்டம் டீ, வடை, கையெழுத்து என்று முடிந்துவிடுகிறது. இதை எப்படி மாற்றுவது?

யுஜிசி விதிப்படி தன்னாட்சிக் கல்லூரியின் குழுவில் துறை ஆசிரியர்களோடு, கல்விக்குழு நியமிக்கும் இரண்டு வெளி வல்லுநர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் இருக்க வேண்டும். ஆள் சேர்ப்பது சுலபம், அவர்களைப் பேசவைப்பதுதான் வேலை. கூட்டத்தன்று கையில் கொடுக்கும் வரைவை யாரும் படிக்க மாட்டார்கள். இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள், 'மூன்றாம் யூனிட்டில் இந்த இரண்டில் எதை நீக்கலாம்?' என்று குறிப்பான கேள்வியோடு.

தொழில்துறைக்காரரிடம் பாடத்திட்டத்தை நீட்டி 'எப்படி இருக்கிறது?' என்றால், 'நல்லாருக்குங்க' என்பார். உருக்காலைப் பொறியாளரோ, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரோ, அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'உங்களிடம் வேலைக்குச் சேரும் பட்டதாரிக்கு முதல் மாதம் என்ன சொல்லித்தர வேண்டியிருக்கிறது?' வெள்ளியின் தரம் பார்ப்பது, கரைசலின் செறிவைச் சரியாகக் கலப்பது என்று அவர் சொல்லத் தொடங்குவார். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2022-ல் தொடங்கிய தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் ஏற்கெனவே நடக்கும் பயிற்சியை உங்கள் திறன் பேப்பரில் மறுபடி வைக்காதீர்கள். பக்கத்துத் துறையின் துணைப்பாடத்தையும் ஒருமுறை பாருங்கள். ஒரே பாடத்தை மூன்று செமஸ்டரில் கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தருமபுரி, வரலாறு: சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் முழுப் பாடத்திட்டம் வந்துவிடுகிறது. பயன்படுத்தலாமா?

வரைவைச் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள், அதில் தவறில்லை. ஆனால் அது தரும் நூல் பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டுத் தரும். நூல் விஷயத்தில் என் வழக்கம் இது: ஒரு பாடநூல், இரண்டு மூன்று பார்வை நூல், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் நம் நூலகத்தில் எத்தனை பிரதி இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்ப்பது. தேர்வைத் தமிழில் எழுதும் பிள்ளைகள் பாதிக்கு மேல் இருந்தால், ஒவ்வொரு யூனிட்டுக்கும் படிக்கத் தமிழில் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்ப்பது. இல்லாத யூனிட்டுக்குத் துறையே குறிப்பு தயாரித்த பிறகுதான் அந்தப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வர வேண்டும்.

சேலம், இரண்டாமாண்டு மாணவி: பாடத்திட்டத்தை எங்களுக்கு யாரும் காட்டுவதே இல்லை. ஐந்தாவது யூனிட் எப்போதும் கடைசி வாரத்தில் ஓட்டமாக ஓடுகிறது.

பல்கலைக்கழக இணையதளத்திலோ உங்கள் கல்லூரித் தளத்திலோ அது இருக்கும், இறக்கிக்கொள் அம்மா. செமஸ்டர் தொடக்கத்திலேயே 'எந்த வாரம் எந்த யூனிட் முடியும் மேடம்?' என்று மரியாதையாகக் கேள். கேட்பதில் தப்பே இல்லை. ஐந்தாம் யூனிட் ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் முதல் யூனிட். 'பொருள், இலக்கணம், தன்மை, எல்லை' என்று அறிமுகத்திலேயே மூன்று வாரம் போய்விடுகிறது. ஆசிரியர்கள் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சங்ககிரி, கணிதம்: பாடத்திட்டத்தை மாற்றினால், பழைய பாடத்திட்டத்தில் அரியர் வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

இதைக் கேட்டதற்கு நன்றி, பலரும் மறந்துவிடுவது இதைத்தான். புதிய பாடத்திட்டத்தை ஒப்புதலுக்கு வைக்கும் அதே கூட்டத்தில், எந்தப் பழைய பேப்பருக்கு எந்தப் புதிய பேப்பர் இணை என்ற பட்டியலையும் வைத்து ஒப்புதல் வாங்குங்கள். இணை இல்லாத பேப்பருக்குப் பழைய பாடத்திட்டப்படி எத்தனை முறை வரை தேர்வு நடத்தப்படும் என்று தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். அந்தத் தாளின் நகல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒன்று, துறைக் கோப்பில் ஒன்று. வருடங்கள் கழித்து வேலைக்குப் போன பையன் ஒருவன் அந்த ஒரு பேப்பரை எழுத வந்து நிற்பான். அப்போது துறையில் இருப்பவர் வேறு யாராகவோ இருப்பார்.