ஸ்பொன்சர் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 41, விவாகரத்தானவர். முதல் கணவர் ஸ்பொன்சர் செய்து 2012இல் கனடா வந்தவர், இப்போது குடியுரிமையும் இருக்கிறது. தரகர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் 34 வயது மாப்பிள்ளையைப் பேசிக் கொடுக்க, டிசம்பரில் போய் மூன்று கிழமை நின்று எழுத்தை (பதிவுக் கலியாணத்தை) முடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். தாலி கட்டுவது விசா வந்த பிறகாம். "என் சம்பளம் போதுமா? இது விசாவுக்காகச் செய்த கலியாணம் என்று மறுத்துவிடுவார்களா? வந்த பிறகு அவர் என்னை விட்டுப் போனால் என்ன கதி?" என்று கேட்கிறார்.

சம்பளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒன்ராறியோவிலிருந்து கணவரை மட்டும் கூப்பிடுவதற்குக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்று இல்லை. அரச உதவிப்பணத்தில் வாழ்பவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இயலாமைக்காக எடுக்கும் உதவி இதில் சேராது. ஸ்பொன்சரில் துணையாக வந்தவர் நிரந்தர வதிவிடம் கிடைத்து ஐந்து வருடம் போகாமல் இன்னொரு துணையைக் கூப்பிட முடியாது. உங்களுக்கு அந்தக் காலம் எப்போதோ கழிந்துவிட்டது.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. உறவு உண்மையானதாக இல்லை என்றாலும் மறுக்கலாம், கலியாணத்தின் முதன்மை நோக்கம் குடிவரவுதான் என்றாலும் மறுக்கலாம். 2010இலிருந்து இரண்டில் ஒன்று போதும். விண்ணப்பங்களைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு நம்முடைய வழக்கங்கள் ஓரளவு தெரியும். பெண்ணுக்கு ஏழு வயது கூட, அவருக்கு இது இரண்டாம் கலியாணம், மாப்பிள்ளைக்கு முதல் கலியாணம், சந்தித்து மூன்று கிழமைக்குள் எழுத்து. இது நம் ஊரில் வழக்கமாக நடப்பதா என்று கேட்பார்கள். அவர் வீட்டில் எப்படிச் சம்மதித்தார்கள், சாதகக் குறிப்புப் பார்த்தார்களா, உங்கள் முதல் கலியாணம் ஏன் முறிந்தது என்று அவருக்குத் தெரியுமா? அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் விண்ணப்பத்தோடு நீங்களே ஒரு கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுங்கள்.

தாலியைத் தள்ளிப் போட்டிருப்பது எனக்கு நெருடுகிறது. நம்மவர்கள் இதைச் சாதாரணமாகச் செய்கிறோம். ஆனால் பொன்னுருக்கல் (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு), தாலி, விருந்து எதுவுமில்லாமல் வெறும் பதிவு மட்டும் இருந்தால், 'உங்கள் ஊரார் கண்ணிலேயே இது கலியாணம் இல்லையே' என்று அதிகாரி நினைப்பதில் தவறில்லை. முடிந்தால் அடுத்த பயணத்தில் சிறிதாகவாவது கோயிலில் தாலி கட்டிவிடுங்கள். எழுத்துக்கு நீங்கள் நேரில் போனது நல்லது. 2015 ஜூனுக்குப் பிறகு ஒருவர் தொலைபேசியிலோ இணையத்திலோ இருந்து நடந்த கலியாணங்களைக் கனடா குடிவரவுக்கு ஏற்பதில்லை.

படங்களைக் குவிப்பதால் மட்டும் காரியம் ஆகாது. நான் பார்த்த ஒரு கோப்பில் மூன்று அல்பம் இருந்தது. எழுத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டபோது மனைவி இருபது என்றார், கணவர் அறுபது என்றார். மாலைச் சாப்பாட்டுக்கு வந்தவர்களையும் அவர் சேர்த்து எண்ணியிருக்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அதை விளங்கப்படுத்தப் படாத பாடு பட்டோம். கலியாணத்துக்குப் பிறகு தினமும் கதைப்பது, ஒருவர் வருத்தத்தில் மற்றவர் விசாரித்தது, திரும்பப் போய் நின்றது, இவையெல்லாம் அல்பத்தைவிடப் பேசும்.

அப்புறம், விட்டுப் போனால்? அவரைப் பராமரிப்பதாக நீங்கள் கையெழுத்திடும் பொறுப்பேற்பு, அவர் நிரந்தர வதிவிடம் பெற்ற நாளிலிருந்து மூன்று வருடம் நிற்கும். விவாகரத்து அதை ரத்துச் செய்யாது. அவர் அரச உதவிப்பணம் எடுத்தால் அந்தக் கடன் உங்கள் தலையில். பிரிந்தார் என்பதற்காக மட்டும் அவருடைய வதிவிடம் பறிபோகாது. இரண்டு வருடம் சேர்ந்து வாழவேண்டும் என்று 2012இல் வந்த நிபந்தனையை 2017இல் எடுத்துவிட்டார்கள். அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்த பெண்களை நினைத்தால் அது சரியான முடிவுதான். ஏமாற்றி வந்தார் என்று நிரூபணமானால் வதிவிடம் போகும், ஐந்து வருடத் தடையும் வரும். ஆனால் அந்த நிரூபணம் லேசில் கிடைக்காது.

அதனால் சந்தேகத்தை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு வதிவிடம் கிடைக்குமுன் மனம் மாறினால் விண்ணப்பத்தை நீங்கள் மீளப் பெறலாம். ஒவ்வொரு அழைப்பிலும் 'ஃபைல் எங்கே நிற்குது' என்று கேட்கிறவர், உங்கள் வேலை எப்படிப் போகிறது என்று ஒரு நாளாவது கேட்டாரா?

தரகரிடம் படிவம் நிரப்பக் கொடுக்காதீர்கள். காசு வாங்கி இந்த வேலை செய்ய வழக்கறிஞராகவோ உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகராகவோ இருக்கவேண்டும். அவர் எழுதும் ஒரு பொய்க்கும் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டிவரும். உங்கள் கணவர் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பதால், மறுத்தால் மேன்முறையீடு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. கடிதம் கிடைத்து 30 நாட்கள்தான் தருவார்கள், கிடைத்த திகதியைக் கடிதத்தின் மேலேயே எழுதி வையுங்கள்.