கணினி கேள்வி-பதில்: ஒரே வரியில் இரண்டு கை

கேள்வி: கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றுக்கு எடைச்சீட்டு மென்பொருள் எழுதுகிறோம். கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) இருவர் வேலையையும் மெர்ஜ் செய்தால், அதாவது இணைத்தால், ஒரே வரியில் மோதல் வருகிறது: என் பக்கம் "கழிவு = 6", கூட்டாளி பக்கம் "கழிவு = கழிவு_எடு(ரகம், 5)" என்று நிற்கிறது. எதை வைத்துக்கொள்வது?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: இந்த இரண்டை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இருவரும் கைவைக்கும் முன் அந்த வரி எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். கிட் அதைத் தானாகக் காட்டாது. "கிட் கான்ஃபிக் --குளோபல் மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல் இசட்டிஃப்3" என்று ஒருமுறை கொடுத்துவிடுங்கள், 2.35க்கு முந்தைய பதிப்பு என்றால் டிஃப்3. ஏற்கெனவே சிக்கியிருக்கும் கோப்புக்கு "கிட் செக்அவுட் --கான்ஃப்ளிக்ட்=டிஃப்3 கோப்புப்பெயர்". அந்தக் கோப்பில் அதுவரை திருத்தியதெல்லாம் இதனால் அழிந்துவிடும். ஆகவே முதல் வேலையாகச் செய்யுங்கள்.

ஏழு நெட்டுக்கோடுகளுக்குக் கீழே மூல வரி வரும். அது "கழிவு = 5" என்றிருந்தால் கதை தெளிவு: எண்ணை மாற்றியது நீங்கள்; கூட்டாளி எண்ணைத் தொடாமல் கணக்கை ஃபங்ஷனுக்குள் கொண்டுபோயிருக்கிறார். விடை "கழிவு_எடு(ரகம், 6)". இது இரண்டு பக்கத்திலுமே இல்லாத வரி! எடிட்டரில் "அக்செப்ட் இன்கமிங்" (கூட்டாளி பக்கத்தை அப்படியே ஏற்பது) அழுத்தியிருந்தால் 6 சத்தமில்லாமல் 5 ஆகி, பெங்களூரா ரக மாங்காய் லோடுக்கெல்லாம் தொகை தப்பாகியிருக்கும்.

மாற்றத்தின் காரணம் புரியாவிட்டால் "கிட் லாக் --மெர்ஜ் -பி" பாருங்கள். மோதும் கோப்புகளைத் தொட்ட இரு தரப்புக் கமிட்டுகளும் (பதிந்த மாற்றங்கள்) வரும். அதிலும் பிடிபடாவிட்டால் கூட்டாளிக்கு ஒரு போன் போடுவதே மேல். முடித்ததும் "கிட் டிஃப் --செக்" ஓட்டி, விட்டுப்போன மோதல் குறிகளைத் தேடுங்கள். கோப்பை அடுத்த கமிட்டுக்குச் சேர்க்கும் "கிட் ஆட்" அவற்றைக் கவனிக்காது, குறிகளோடேயே ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: ரீபேஸில் மோதல் வந்தது. "--அவர்ஸ்" கொடுத்தேன், என் வேலையையே காணோம்!
– வாசகி, பாலக்கோடு

பதில்: ரீபேஸ் முதலில் மெயின் கிளைமேல் போய் நின்றுகொண்டு, உங்கள் கமிட்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைக்கிறது. அதனால் அங்கே "அவர்ஸ்" (நம்முடையது) மெயின், "தெய்ர்ஸ்" (அவர்களுடையது) நீங்கள். மெர்ஜில் இருப்பதற்கு நேர் எதிர். ரீபேஸ் இன்னும் முடியவில்லை என்றால் "கிட் ரீபேஸ் --அபார்ட்". முடிந்துவிட்டதா? "கிட் ரெஃப்லாக்" பட்டியலில் ரீபேஸுக்கு முந்தைய கமிட்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து புதுக் கிளை எடுங்கள். எந்தக் கிளையிலும் சேராமல் தனித்துப்போன கமிட்டின் பதிவு அந்தப் பட்டியலில் சாதாரணமாக 30 நாள் வரைதான் இருக்கும்.

கேள்வி: ஒரு வரிதான் மாற்றினேன், கோப்பு முழுக்க மோதுகிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: பெரும்பாலும் விண்டோஸ், லினக்ஸ் வரிமுடிவு வித்தியாசம். "கிட் மெர்ஜ் --அபார்ட்" செய்துவிட்டு, "-எக்ஸ் இக்னோர்-சிஆர்-அட்-இஓஎல்" சேர்த்து மறுபடி மெர்ஜ் செய்யுங்கள். பிறகு .கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் "* டெக்ஸ்ட்=ஆட்டோ" எழுதி, "கிட் ஆட் --ரீநார்மலைஸ் ." கொடுத்துத் தனிக் கமிட்டாகப் போடுங்கள், வேறு மாற்றத்தோடு கலக்க வேண்டாம்.