ஆங்கிலச் சந்தேகம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மணலியிலிருந்து வரும் டேங்கர் லாரிகளில் ஒன்றில் ‘ஃப்ளாமபிள்’ என்றும், இன்னொன்றில் ‘இன்ஃப்ளாமபிள்’ என்றும் எழுதியிருக்கிறது. ‘இன்’ சேர்ந்தால் எதிர்ப்பதம்தானே? இரண்டாவது லாரியில் இருப்பது தீப்பிடிக்காத சரக்கா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஐயோ, அதற்கும் பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்துவிடாதீர்கள். இரண்டுமே சட்டென்று தீப்பிடிக்கும் சரக்குதான். பொருளில் இம்மியளவும் வித்தியாசமில்லை.

‘இன்கரெக்ட்’டில் வருகிற ‘இன்’ மறுப்பு. இங்கே வருவது ‘உள்ளே’ எனப் பொருள்படும் வேறொரு லத்தீன் முன்னொட்டு. தீமூட்டுவதைக் குறிக்கும் ‘இன்ஃப்ளாமாரே’ என்ற லத்தீன் வினைதான் மூலம். ஆங்கிலம் பேசுகிறவர்களே இதில் தடுமாறியதால், 1920களிலேயே அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் ‘ஃப்ளாமபிள்’ என எழுதச் சொன்னது. நீங்களும் அதையே எழுதுங்கள். ‘எம்’ இரண்டு போடவேண்டும். ‘ஃப்ளேம்’ போல நீட்டிச் சொல்லக்கூடாது. தீப்பிடிக்காததற்கு ‘நான்-ஃப்ளாமபிள்’.

லாரியைப் பொறுத்தவரை எழுத்தைவிடப் படத்தை நம்பலாம். சிவப்பு டைமண்டில் தீச்சுடர், கீழ்முனையில் 3 இருந்தால் எரியும் திரவம். 2 இருந்தால் எரிவாயு. கூடவே ஐ.நா. எண் இருக்கும்: பெட்ரோலுக்கு 1203, டீசலுக்கு 1202, மண்ணெண்ணெய்க்கு 1223. காலி வண்டிதானே என்று அலட்சியமும் வேண்டாம். கழுவாத டேங்கில் மிச்ச ஆவி காற்றோடு கலந்து நிற்கும். ஒரு பொறி போதும்.

கேள்வி: அப்படியானால் ‘கம்பஸ்டிபிள்’? எண்ணூர் நிலக்கரிக்கு எந்தச் சொல் பொருந்தும்?
– வாசகி, எர்ணாவூர்

பதில்: ‘கம்பஸ்டிபிள்’தான். எரியும், ஆனால் சுலபத்தில் பற்றாது. மரக்கட்டை, காகிதமும் இந்த ரகம். எண்ணெய்களில் ‘ஃப்ளாமபிள்’, ‘கம்பஸ்டிபிள்’ இரண்டையும் பிரிக்கும் கோடு நாட்டுக்கு நாடு மாறும். நம் பெட்ரோலிய விதிகள் (2002) இச்சொற்களை விட்டுவிட்டு, பொறி பட்டால் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலையைக்கொண்டு பிரிக்கின்றன: 23 டிகிரி செல்சியசுக்குக் கீழே ‘ஏ’, 23 முதல் 65க்குள் ‘பி’, 65 முதல் 93க்குள் ‘சி’. பெட்ரோல் ‘ஏ’.

நிலக்கரிக் குவியல் சிலசமயம் தீக்குச்சியே இல்லாமல் புகையும். உள்ளே புகுந்த காற்றோடு வினைபுரிந்து தானே சூடேறுவதுதான் காரணம். அதனால்தான் குவியலை அழுத்தி இறுக்குவார்கள். இப்படித் தானே தீப்பற்றுவதற்குப் பெயர் ‘ஸ்பான்டேனியஸ் கம்பஸ்ஷன்’. ‘இன்ஃப்ளமேஷன்’ என்று எழுதினால் டாக்டரைத்தான் கூப்பிடுவார்கள். இன்றைய வழக்கில் அது உடம்பில் வரும் அழற்சி.