தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகள் ‘கட்’ அடிப்பதை ஊரார் சேர்ந்து குறைக்க முடியுமா?

முடியும். ஆனால் பொலிஸாரை வைத்துக் கூட்டம் போடுவது, வராதவர்களின் பெயரைப் பலகையில் போடுவது என்று நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு வழிகளாலும் முடியாது. பொலிஸாரை அழைத்து விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தால், ஒழுங்காக வரும் பிள்ளைகளின் பெற்றோர்தான் வந்து உட்கார்ந்திருப்பார்கள். வராத பிள்ளைகளின் பெயரை அறிவித்தல் பலகையில் போட்டால் அந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு வரவே மாட்டார்கள். நீங்கள் கொழும்பில் மட்டக்குளி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றின் அபிவிருத்திக் குழுவில் இருக்கும் பெற்றோர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வெள்ளவத்தைப் பக்கமென்றால் சில விவரங்கள் மாறும், வேலை மாறாது.

முதலில் போன தவணையின் வரவு இடாப்பை எடுத்து வகுப்பாசிரியரோடு உட்காருங்கள். மொத்த வரவு வீதத்தை விடுங்கள், வராத நாட்கள் எப்படி விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒன்று விட்டு ஒரு நாள் வராவிட்டால், அண்ணனும் தம்பியும் ஒரே சோடி சப்பாத்தை மாறிமாறிப் போடுகிறார்களா என்று விசாரியுங்கள். மழைக்கு மறுநாள் வராவிட்டால் வீட்டில் ஒரு சோடிச் சீருடைதான் இருக்கிறது, அது காயவில்லை. ஒவ்வொரு கிழமையும் அதே நாள் என்றால், அன்றைய நேரசூசியில் யாருடைய பாடம் இருக்கிறதென்று பாருங்கள். பெண் பிள்ளைகள் மாதத்தில் மூன்று நான்கு நாள் வராவிட்டால் அதைக் ‘கட்’ என்று எழுதாதீர்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். ஓர் ஆசிரியையின் மேசை லாச்சியில் நாப்கின் பக்கற் எப்போதும் இருக்கட்டும். தொடர்ந்து இரண்டு மூன்று கிழமை காணவில்லை என்றால் பிள்ளை புறக்கோட்டையில் ஏதோ கடையில் நிற்கலாம், அல்லது அம்மா வெளிநாடு போய்ச் சின்னத் தம்பியைப் பார்க்க ஆளில்லாமல் இருக்கலாம். ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா, ஆடிவேல், பெரிய பாடசாலைகளின் பிக் மட்ச் கிரிக்கெட் நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அன்று வராதவர்கள் மறுநாள் வந்துவிடுவார்கள்.

காலையில் ஒருமுறை மட்டும் இடாப்பு எடுத்தால், இடைவேளைக்குப் பிறகு மதில் ஏறிப் போகிறவன் அதில் அகப்பட மாட்டான். இடைவேளை முடிந்த முதல் பாடவேளையில் தலைகளை எண்ணி, குறைவதை ஒரு துண்டில் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும். இரண்டு நிமிட வேலைதான்.

அடுத்தது, எனக்கு மிகவும் மனம் வேகும் விடயம்: வாயிற்கதவு. ஏழரைக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் பிந்தி வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்புகிற பாடசாலைகள் இன்னும் இருக்கின்றன. தனியார் பஸ்காரர் சீருடையைக் கண்டால் நிறுத்தாமல் போகிற ஊர் இது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதித் தரம் 6-இல் தூரப் பாடசாலைக்கு மாறிய பிள்ளைக்குப் பத்து நிமிடம் பிந்துவது சாதாரணம். பூட்டிய கதவின் முன் நின்ற பிள்ளை வீட்டுக்குப் போனால் அடி விழும். அதனால் ஒன்றரை மணி வரை எங்காவது சுற்றும். அந்த ஆறு மணித்தியாலம் சுவையாகப் போய்விட்டால் அடுத்த நாள் வேண்டுமென்றே பிந்தும். பாடசாலையே ‘கட்’ அடிக்கப் பழக்கிவிடுகிறது. எட்டரை வரை கதவு திறந்திருக்கட்டும். பிந்தியவர்களுக்கென்று தனிக் கொப்பி வைத்து, பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு நேரே வகுப்புக்கு அனுப்புங்கள். ஒழுக்கம் கெட்டுவிடும் என்று அதிபர் சொன்னால், அந்தக் கொப்பியை வைத்து ஒரு தவணைக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று கேளுங்கள்.

இனித் தொலைபேசி. இந்த முயற்சியில் பாதிப் பலன் இதில்தான் கிடைக்கும். பிள்ளை வராத முதல் நாளே, ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு அழைப்புப் போக வேண்டும். மூன்றாம் நாள் எடுத்தால் பிள்ளை கதை தயார்பண்ணி வைத்திருக்கும். முதலாம் பாடம் நடக்கிற நேரத்தில் வகுப்பாசிரியரால் இதைச் செய்ய முடியாது. முறைவைத்து இரண்டு அம்மாமார் எட்டு முதல் ஒன்பது வரை அலுவலகத்தில் இருந்து எடுக்கட்டும். ஒரு பிள்ளைக்கு மூன்று இலக்கங்கள் வேண்டும்: தாய், தகப்பன், பக்கத்து வீடு. சிம் அடிக்கடி மாறுகிறபடியால் ஒவ்வொரு தவணையும் தொடங்கும்போது புதுப்பியுங்கள். வேலைவீட்டில் இருக்கிற அம்மாவால் போன் எடுக்க முடியாது, அதற்குத்தான் பக்கத்து வீட்டு இலக்கம். கேள்வி இப்படி இருக்கட்டும்: “மகன் இன்னும் வகுப்புக்கு வந்து சேரல்ல. சுகமில்லையா? வீட்டிலயா இருக்கிறார்?” அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். அழைப்பவர்களுக்குப் பெயரும் இலக்கமும் மட்டும் தெரிந்தால் போதும். காரணங்கள் வகுப்பாசிரியரோடு நிற்கட்டும், இல்லாவிட்டால் பின்னேரத்துக்குள் தோட்டம் (நெருக்கமாக வீடுகள் உள்ள குடியிருப்பு) முழுக்கக் கதை பரவிவிடும். ரீலோட் செலவை முன்கூட்டியே குழுவின் கணக்கில் ஒதுக்குங்கள். இதைச் செய்யாமல்தான் பல இடங்களில் இரண்டாம் மாதமே நின்றுபோகிறது.

‘இது ஆசிரியர்களின் வேலை, அம்மாமாருக்கு ஏன்?’ என்று யாராவது கீழே எழுதுவார்கள். கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகளிலேயே பாடசாலை வரவுக் குழுக்களுக்கு இடம் இருக்கிறது. ஊரார் தலையிடுவது புதுப் பழக்கமில்லை.

மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்குப் போங்கள். இருவராகப் போங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஒவ்வொரு தோட்டத்துக்கும், தொடர்மாடி என்றால் ஒவ்வொரு மாடிக்கும், அங்கேயே வசிக்கிற ஒருவரை வைத்து, ஒருவருக்கு ஐந்தாறு பிள்ளைகளுக்கு மேல் கொடுக்காதீர்கள். கையில் கொப்பியோ படிவமோ கொண்டுபோகவே வேண்டாம். போர்க்காலத்தில் பொலிஸ் பதிவுக்கென்று கதவு தட்டியதையும், 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழரை பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பியதையும் கண்ட சனம் இது. எழுதிக்கொள்ள ஆள் வந்தால், குறிப்பாக அறை வாடகைக்கு இருக்கிறவர்கள், “அப்படி ஒரு பிள்ளை இங்கே இல்லை” என்று சொல்லிவிடுவார்கள். தெரிந்த முகம் போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் உண்மை வரும்.

கடைக்காரரிடம் பேசும்போது “சீருடையில் வந்தால் விடாதீர்கள்” என்று மட்டும் சொன்னால் பயனில்லை. பையில் ரீசேர்ட் கொண்டுதான் போவார்கள். ஏழே முக்காலிலிருந்து ஒன்றரை வரை அந்த வயதுப் பிள்ளையை கேம் சென்டரில் உட்கார வைக்க வேண்டாம் என்று கேளுங்கள். காக்கைதீவுக் கடற்கரை, காலிமுகத்திடல் பக்கத்துச் சிறு வியாபாரிகள், ஸ்கூல் வேன்காரர், முச்சக்கரவண்டி நிறுத்தத்தில் நிற்பவர்கள் எல்லாரிடமும் ஒரே ஒரு இலக்கம் கொடுத்து, கண்டால் அழைக்கச் சொல்லுங்கள். பிடிக்கவும் வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். பேஸ்புக்கில் ஒரு படம் ஏறினால் அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. யாரும் தனியாகப் பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரவும் கூடாது.

திரும்பி வருகிற நாள்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. காலைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்துவது, “ஐயா இப்பதான் வழி கண்டு வந்திருக்கிறார்” என்பது, அடிப்பது. உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005-இலேயே வந்துவிட்டது. வந்த பிள்ளையை வகுப்பாசிரியர் தனியே கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசி, தவறிய பாடங்களின் குறிப்பைப் போட்டோகொப்பியாகக் கொடுத்து, பக்கத்தில் உட்கார ஒரு கூட்டாளியைக் காட்டட்டும். தரம் 8-இல் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் ஓடுவது அந்த வெட்கத்தால். சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கிற அண்ணாமார் அக்காமாரை பாடசாலை முடிந்தபின் முக்கால் மணித்தியாலம் வாசிப்புக்கு வையுங்கள். ஒருவருக்கு மூன்று பிள்ளைகள் போதும், கதவு திறந்த வகுப்பறையில், ஓர் ஆசிரியர் வளாகத்தில் இருக்கும்போது.

காலைச் சாப்பாடு சின்ன விடயமில்லை. அரச உணவுத் திட்டம் பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுகிறது, பசி தரம் 6-இல் நிற்பதில்லை. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் நாள் பிரித்து எடுக்கலாம். ஒரு கிலோ காய்ந்த கடலை வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும், நூறு கிராம் வீதம் இருபது பேருக்குக் காணும். இரவு ஒன்பதுக்கு ஊறப்போட்டு விடிய ஐந்துக்கு அவியுங்கள். கொழும்பு வெக்கையில் அதற்கு மேல் ஊறினால் புளிக்கும். தேங்காய்ப்பூவைப் பரிமாறும்போது மட்டும் சேருங்கள். ‘ஏழைப் பிள்ளைகளுக்கு’ என்று பிரித்தால் ஒருவரும் தொட மாட்டார்கள், எல்லாருக்கும் கொடுங்கள்.

ஐந்து நாளாகியும் வராவிட்டால் அதிபரின் கடிதத்தோடு கிராம உத்தியோகத்தரையும், பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் பாருங்கள். கொழும்பு நகருக்குள் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என இரண்டு செயலகங்கள் இருக்கின்றன. எது உங்களுடையது என்று பார்த்துப் போங்கள். 2016 முதல் 5 தொடக்கம் 16 வயது வரை கல்வி கட்டாயம், முன்பு 14 ஆக இருந்தது. வேலைக்கு வைக்கும் ஆகக்குறைந்த வயதும் 2021-இல் 16 ஆகிவிட்டது. இதைக் கடை முதலாளியிடம் மரியாதையாகச் சொன்னாலே பலர் பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். துன்புறுத்தல் சந்தேகம் இருந்தால் இந்தப் படிகள் ஒன்றும் வேண்டாம், அன்றே சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929-க்கு அழையுங்கள்.

இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1987-இலேயே தமிழும் அரச கரும மொழி. அப்படியிருந்தும் தமிழ்ப் பாடசாலைக்கு வரும் கடிதமும், தமிழ்த் தாய்க்கு அலுவலகத்தில் நீட்டும் படிவமும் சிங்களத்தில் மட்டும் இருக்கிற நிலை தீரவில்லை. கையெழுத்து வைக்கிற தாய்க்கு எதற்கு வைக்கிறோம் என்று தெரியாது. தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். கூடவே இரண்டு மொழியும் எழுதத் தெரிந்த ஒருவரைக் குழுவில் கட்டாயம் சேருங்கள்.

தரம் 6 முதல் 9 வரை ஒரேயடியாகத் தொடங்காதீர்கள். ஒரு தவணைக்குத் தரம் 7 மட்டும் எடுங்கள். தவணை முடிவில் பழைய இடாப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்து வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை மட்டும் ஒப்பிட்டுவிட்டு அடுத்த தரத்துக்குப் போங்கள்.